வாயில் மறுத்தவள்: செனகலை மதுரையிலிருந்து வாசித்தல்

ஒரு நாட்டைப் பற்றி எழுதுவதற்கு நம் பாடநூல்களில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நிலமும் ஆறும் மழையும். அடுத்து மக்கள், அவர்கள் மொழி, மதம். கடைசியாக விளைச்சலும் ஏற்றுமதியும். பெண் எங்கே வருவாள் என்று தேடினால், எழுத்தறிவு விகிதத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணாகவும், மகப்பேறு இறப்புக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணாகவும் வருவாள். உழுபவர், மீன் பிடிப்பவர், வணிகர் என்ற சொற்களைப் படிக்கும்போது நம் மனத்தில் எழும் உருவத்துக்கு மீசை இருக்கும்.

தமிழ் இலக்கணம் இதே மூன்றையும் வேறு மாதிரி அடுக்கியது. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, மரம், தொழில், பறை எல்லாம் கருப்பொருள். ஆணும் பெண்ணும் தங்களுக்குள் நடந்துகொள்வது உரிப்பொருள். நிலத்தைச் சொல்லிவிட்டு அந்த நிலத்துப் பெண்ணைச் சொல்லாமல் போக அகத்திணையில் வழியில்லை. அவளை எப்படிச் சொன்னார்கள் என்பதில் எனக்குச் சண்டை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

செனகல் எனக்கு அறிமுகமானது தமிழ்த்துறை நூலகத்தில். இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் அந்த நாட்டுக்கும் தமிழ் ஆய்வுக்கும் ஒரு காலத்தில் நெருக்கமான உறவு இருந்தது. செனகலின் முதல் குடியரசுத் தலைவர் லியோபோல்ட் செதார் செங்கோர் கவிஞர். கறுப்பின அடையாளத்தைப் பெருமையாகப் பேசிய நீக்ரிட்யூட் இயக்கத்தின் மூலவர்களில் ஒருவர். அவர் 1974இல் சென்னையில் நீக்ரிட்யூடும் திராவிடப் பண்பாடும் குறித்து உரையாற்றினார். டக்கார் பல்கலைக்கழகத்தில் திராவிட மொழிகளையும் ஆப்பிரிக்க மொழிகளையும் ஒப்பிடும் ஆய்வுகள் நடந்தன. நம்மிடமிருந்து க. ப. அறவாணன் அங்கே சென்று பணியாற்றி, திரும்பி வந்து நிறைய எழுதினார். அந்த வரிசை நூல்களை முனைவர் பட்டக் காலத்தில் நானும் புரட்டியிருக்கிறேன். சொல் ஒப்புமை, சடங்கு ஒப்புமை, இசைக்கருவி ஒப்புமை. நம் பாணரைப் போல அங்கே கிரியோ என்ற பாடகர் குலம் உண்டு என்பது அந்தப் பட்டியல்களில் தவறாமல் வரும்.

ஒப்புமை அங்கேயே நின்றுவிடுவதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. கிரியோ என்பது பிறப்பால் வரும் குலம். வோலோஃப் சமூகத்தில் பொற்கொல்லர், தோல் தொழிலாளர், பாடகர் எல்லோரும் 'ஞேஞ்ஞோ' என்ற ஒரே அடுக்கு. நிலமும் அதிகாரமும் கொண்ட 'கேர்' அடுக்கினர் அவர்களிடம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. கிரியோ இறந்தால் மண்ணில் புதைக்காமல் பெருத்த பவபாப் மரத்தின் பொந்துக்குள் வைத்த வழக்கம் நாடு விடுதலை பெற்ற பிறகே நின்றது. இரண்டு சுடுகாடு உள்ள ஊர்களிலிருந்து பேருந்தேறி என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு, யாழும் கோராவும் ஒத்திருப்பதைவிட இது சீக்கிரம் புரிகிறது.

நிலத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செனகல் தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு பரப்பு. மக்கள் தொகையோ நம்மில் நான்கில் ஒரு பங்குதான். வடக்கே செனகல் ஆறு, அதற்கப்பால் மொரித்தானியாவின் மணல். மேற்கே அட்லாண்டிக் கடல். நடுவே காம்பியா என்ற குட்டி நாடு நாக்கை நீட்டியதுபோல நுழைந்து, தெற்கிலிருக்கும் கசமான்ஸ் பகுதியைப் பிரித்து வைத்திருக்கிறது. மழை ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான். வடக்கில் பெயருக்குத் தூறும், தெற்கில் நெல் விளையும் அளவுக்குப் பெய்யும். வடபகுதி சகாராவின் ஓரமான சாஹேல். 1960களின் கடைசியில் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த வறட்சியில் அங்கே மேய்ச்சல் நிலம் மணலானது. மழை பொய்த்தால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று இளங்கோ எழுதியது நினைவுக்கு வரலாம். பாலைக்கு உரியது பிரிவு. செனகல் ஆண்கள் மரப்படகில் கனேரித் தீவுகளுக்குப் புறப்பட்டுப் பாதிக் கடலில் மடிவதை நாளிதழ்களில் இப்போதும் படிக்கிறோம். பொருள்வயின் பிரிவு என்று நாம் துறைப்பெயர் கொடுத்துவைத்திருப்பது இதற்குத்தான்.

அந்த நாட்டின் பொருளாதாரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ஒரு பயிரின் மேல் கட்டினார்கள். கடலை. 1885இல் டக்காருக்கும் செயின்ட் லூயிக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயில் கடலை மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இழுத்துவந்தது. கப்பல் போன இடங்களில் முக்கியமானது மார்செய். புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட கடலையும் அதே மார்செய் ஆலைகளில்தான் எண்ணெயானது. அதற்கும் முன்பே புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி, 'கினே' என்ற பெயரில் செனகல் ஆற்றங்கரைக்குப் போய், பிசின் வாங்குவதற்குப் பணமாகவே கைமாறியது. ஒரே முதலாளியின் இரண்டு வயல்கள் நாம். வேர்ச்சொல் ஒப்புமை தேடியவர்கள் இந்த உறவையும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டைப் பார்த்து வளர்ந்தவள். கடலைச்செடி பிடுங்கும் நாளில் காடு முழுக்கப் பெண்கள்தான். ஆய்வது, காயவைப்பது, விதைக்குத் தோல் உரிப்பது எல்லாம் அவர்கள் கை. வண்டி வந்து மூட்டை ஏறியதும் கணக்கு ஆண்களுடையதாகிவிடும். செனகலிலும் இதே கதைதான். கடலை பணப்பயிரானதும், மாடு பூட்டிய விதைப்புக் கருவியும் கடனும் கூட்டுறவுச் சங்கமும் குடும்பத் தலைவரின் கைக்குப் போயின. பெண்களுக்கு ஓரத்தில் ஒரு துண்டு நிலம்; ஆண்களின் விதைப்பு முடிந்த பிறகே கருவி அவர்களுக்குக் கிடைக்கும், அதற்குள் ஈரம் போயிருக்கும். கசமான்ஸில் ஜோலா இனத்தவரிடையே பல ஆண்டுகள் வாழ்ந்து ஓல்கா லினாரஸ் எழுதிய நூல் 1992இல் வந்தது. மாண்டிங்கா வழக்கத்துக்கு மாறிய ஜோலா ஊர்களில் ஆண்கள் கடலைக்கும் பெண்கள் நெல்லுக்கும் பிரிந்துபோனதை அதில் காணலாம். நெல் சோறாகிறது, கடலை காசாகிறது.

எஸ்தர் போஸரப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற நூலை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். பெண்கள் கொத்துமண்வெட்டியால் பயிர் செய்யும் ஆப்பிரிக்கப் பகுதிகளில் மணமகன் வீட்டார் பெண்ணுக்குப் பொருள் கொடுக்கிறார்கள். ஒன்றுக்கு மேல் மணப்பதும் அங்கே உழைப்பைச் சேர்க்கும் வழி. ஏர் வந்து ஆண் உழும் பகுதிகளில் பெண் சுமையாகிறாள், வரதட்சணை வருகிறது. இப்படிப் போகிறது அவர் வாதம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவி, "அப்ப அங்க பொறந்திருக்கலாம் போலயேம்மா" என்பாள். சிரிப்போம். ஆனால் நம் மண்ணிலேயே பரிசம் இருந்தது. உசிலம்பட்டிச் சீமையில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுத்தது பரிசம். 'பரிசம் போடுவது' என்ற சொல் நிச்சயதார்த்தத்துக்கு இன்றும் வழங்குகிறது, உள்ளடக்கம்தான் தலைகீழாகிவிட்டது.

அது எப்போது, எதனால் தலைகீழானது? 1895இல் முல்லைப் பெரியாறு அணை, 1959இல் வைகை அணை. நீர் எட்டிய ஊருக்கும் எட்டாத ஊருக்கும் இடையே விழுந்த பணக்கோடு சம்பந்தம் பேசுவதிலும் விழுந்தது. நன்செய் வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு விலை ஏறியது, அரசு வேலை மாப்பிள்ளைக்கு இன்னும் ஏறியது. வானம் பார்த்த பூமிக்காரரும் அந்த விலையைக் கொடுக்கத் தலைப்பட்டார்கள். 1986இல் இந்தியா டுடே உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலையை அட்டையில் போட்டு எழுதியபோது நாடே அதிர்ந்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அப்போது வந்த எழுத்துகளில் பெரும்பகுதி இதை ஒரு சாதியின் முரட்டுக் குணமாகவே பார்த்தது. அந்தச் சாதியைக் குற்றப்பரம்பரைச் சட்டத்தில் அடைத்த வெள்ளைக்காரர்களின் பார்வையும் இதுதான். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்று துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. அவள் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் ஊரில் பெண் பிறந்தால் ஏன் முகம் கோணியது என்ற கேள்விக்குக் குணத்தில் விடை இல்லை. அணைக்கட்டிலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் தேடலாம்.

பரிசம் இருந்தால் பெண் பிழைப்பாள் என்று போஸரப்பை எளிதாக்கிவிடவும் கூடாது. அதற்குச் சாட்சியாக ஒரு நாவலைச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் வந்ததும் அதற்காகத்தான்.

மரியாமா பாவின் 'இத்தனை நீண்ட கடிதம்' 1979இல் பிரெஞ்சில் வந்தது. அடுத்த ஆண்டு, முதன்முதலாக வழங்கப்பட்ட நோமா விருதைப் பெற்றது. அவர் பள்ளி ஆசிரியை, ஒன்பது பிள்ளைகளின் தாய், மணமுறிவு பெற்றவர். 1981இல் இறந்துபோனார். மொதுப்பே போதே-தாமஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் படித்தேன். மெலிந்த புத்தகம். ரமத்துலாய் என்ற ஆசிரியையின் கணவன் மோது இறந்துவிட்டான். இஸ்லாமிய முறைப்படி நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலத்தில், அமெரிக்காவில் இருக்கும் தோழி ஐசத்துவுக்கு அவள் எழுதுகிறாள். மோது ஒரு காலத்தில் தொழிற்சங்கத் தலைவன். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு, தன் மூத்த மகள் தாபாவின் பள்ளித்தோழி பினெத்துவை ரகசியமாக மணந்தவன். அந்தத் திருமணம் நடந்த நாளில் மோதுவின் அண்ணன், நண்பன், பள்ளிவாசல் இமாம் மூவரும் ரமத்துலாயின் வீட்டு வரவேற்பறைக்கு வந்து உட்கார்ந்து, செய்தியைச் சுற்றிவளைத்துச் சொல்கிறார்கள். அவள் அவர்களை உபசரித்து, நன்றி சொல்லி அனுப்புகிறாள்.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் மருதத்திணை நினைவுக்கு வராமல் இராது. வயலும் வயல் சார்ந்த நிலமும். செல்வம் உள்ள ஊர். ஊரன் பரத்தையிடம் போவான். வைகைக் கரையின் திணை அது, நம் திணை. அதன் உரிப்பொருள் ஊடல். தலைவன் திரும்பும்போது பாணனோ விறலியோ விருந்தினரோ வாயிலாக வருவார்கள். அவள் வாயில் மறுப்பாள், பிறகு வாயில் நேர்வாள். மறுப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் நேர்வதற்கான முன்னேற்பாடுதான் அது. உப்பு அளவோடு இருக்க வேண்டும் என்பதுபோல, ஊடலுக்கும் அளவு சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் முன்பு சொன்ன சண்டை இதுதான். ஊடல் என்பது கோபத்துக்கு ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்து, கொட்டகைக்கு வெளியே போகாதே என்று சொல்லும் ஏற்பாடு. அவளுக்கு நெல்லும் வயலும் சொந்தமில்லை என்பதால் வேறு போக்கிடமும் கிடையாது. இலக்கணம் அதைச் சொல்லாது.

ஐசத்து ஊடவில்லை. அவள் பொற்கொல்லர் வீட்டுப் பெண். அரசகுலத்தில் பிறந்த மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. தன் தம்பி மகளை வளர்த்து, ஆளாக்கி, மகன் மௌதோவுக்கு இரண்டாம் மனைவியாக்கிப் பழிதீர்க்கிறாள். அம்மா மனம் நோகக்கூடாது என்கிறான் மருத்துவம் படித்த மௌதோ. (இந்த மாப்பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.) ஐசத்து ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு நான்கு மகன்களோடு வெளியேறி, படித்து, மொழிபெயர்ப்பாளராகித் தூதரக வேலைக்குப் போகிறாள். சாதியும் இருதாரமும் இங்கே தனித்தனி அநீதிகள் இல்லை. சாதித் தூய்மையை மீட்கும் கருவியாக இரண்டாம் மனைவி வருகிறாள். இதை மரியாமா பா எங்கும் விளக்கவில்லை. மாமியார் ஊருக்குப் பயணம் போவதையும், தம்பி மகளைக் கேட்டு வாங்குவதையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ரமத்துலாய் போகவில்லை. "அவ ஏம்மா போகல? வேலைதான் இருக்குல்ல?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். போகாததால் அவளைக் குறைத்து மதிப்பிடும் விமர்சனங்களும் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. மோதுதான் போய்விட்டான், அவள் தன் வீட்டில் இருக்கிறாள். அவன் இறந்து நாற்பதாம் நாள், மோதுவின் அண்ணன் தம்சிர் வந்து, துக்கக் காலம் முடிந்ததும் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். முப்பது ஆண்டு மௌனத்தை உடைத்து அவள் பேசும் பக்கங்கள் நாவலின் உச்சம். அடுத்து, அவளை இளமையிலேயே விரும்பிய நல்ல மனிதன் தாவுதா வருகிறான். அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள். அவனுக்காக வாயில் வருபவள் பக்கத்து வீட்டு ஃபர்மத்தா. குலத்தால் கிரியோ. விறலியே வந்துவிட்டாள்! சம்மதக் கடிதம் என்று நம்பி அவள் கொண்டுபோகும் உறைக்குள் இருப்பது மறுப்பு. விவரம் தெரிந்ததும் ரமத்துலாயைத் திட்டித் தீர்க்கிறாள். இன்னொரு பெண்ணை அவள் கணவனிடமிருந்து பிரிக்க மாட்டேன் என்ற இந்த மறுப்புக்குப் பின்னால் நேர்தல் இல்லை. ஒப்பீட்டு நூல்கள் பாணரையும் கிரியோவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தன. அந்தப் பாணிச்சி கொண்டுபோன உறைக்குள் என்ன இருந்தது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மோது இறந்தபின் வரும் பாகப்பிரிவினையில் சொத்துகளும் கடன்களும் வெளியே வருகின்றன. ரமத்துலாயும் மோதுவும் இருவர் சம்பளத்திலும் சேமித்து வாங்கிய வீட்டை அடமானம் வைத்துத்தான் அவன் பினெத்துவுக்குக் குடியிருப்பு வாங்கியிருக்கிறான். பத்திரம் அவன் பெயரில். என் சக ஆசிரியைகளில் எத்தனை பேருடைய வீட்டுக்கடன் தவணை அவர்கள் சம்பளத்திலும், பத்திரம் கணவர் பெயரிலும் இருக்கிறது என்று ஒரு தேநீர் இடைவேளையில் எண்ணிப் பார்த்தோம். அப்புறம் பேச்சை மாற்றிக்கொண்டோம்.

செங்கோர் ஆட்சியில் 1972இல் வந்த குடும்பச் சட்டத்தின்படி, ஒரே மனைவியா பலரா என்பதை ஆண் திருமணத்தின்போது அறிவிக்கலாம். அறிவிக்காவிட்டால் பலதாரம் என்றே கொள்ளப்படும். கறுப்புப் பெண்ணைத் தாயாகவும் நிலமாகவும் பாடிய கவிஞரின் நாட்டில் இந்த நிலை. தாய் ஆப்பிரிக்கா என்று உருகிப் பாடும் பாட்டுகள் இனிப் போதா என்று மரியாமா பா வாதிட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் இறந்த அதே 1981இல் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. தமுக்கத்துக்கு முன்னால் தமிழன்னை நிற்கிறாள். நிலத்தைப் பெண்ணாக்குவதும் மொழியைப் பெண்ணாக்குவதும் எளிது, பெண்ணுக்கு நிலம் எழுதிவைப்பதுதான் கடினம். ஆனால் செனகலை இரங்கத்தக்க நாடாக மட்டும் எண்ணிவிட வேண்டாம். 2010இல் அங்கே தேர்தல் பட்டியல்களில் ஆண் பெண் சமநிலையைச் சட்டமாக்கினார்கள். 2012இல் நாடாளுமன்றத்தில் பத்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். நம் மகளிர் இடஒதுக்கீடு 2023இல் நிறைவேறி, தொகுதி வரையறைக்காகக் காத்திருக்க வைக்கப்பட்டது.

நாவலில் எனக்கு மனம் ஒப்பாத இடமும் இருக்கிறது. பினெத்து. வறுமையால் தாய் அவளை மோதுவுக்குக் கொடுக்கிறாள். அவள் படிப்பை நிறுத்தியதற்கு ஈடாக மாதப்பணம், தாய்க்குப் புது வீடு, ஹஜ் பயணம். போஸரப் சொன்ன பரிசம் இதுதான். மகளுக்கு விலை உண்டு, விலை மகளுக்கு இல்லை. ரமத்துலாய் அவளைப் பலியாடாகவே பார்க்கிறாள், இரக்கப்படுகிறாள், ஆனால் பேச விடுவதில்லை. மோதுவின் சாவுக்குப் பின் தாபா காகிதங்களோடு வந்து பினெத்துவின் தாயை அந்த வீட்டிலிருந்து வெளியேற்றும்போது வாசகருக்கு ஒரு திருப்தி வருகிறதே, அது எனக்கு உறுத்தியது. மருதம் இந்த ஒன்றில் மேல். அங்கே பரத்தைக்குக் கூற்று உண்டு. அவள் தலைவியை எள்ளுவாள், தன் பக்கத்தைச் சொல்லுவாள். எழுதியவர்களில் ஆண்களே மிகுதி என்றாலும் வாய் அவளுடையது. செனகலில் இந்த இடத்தைப் பிறகு நிரப்பியவர் கென் புகுல். ஒரு சமயத் தலைவரின் இருபத்தெட்டாம் மனைவியாக வாழ்ந்த தன் அனுபவத்திலிருந்து 1999இல் அவர் எழுதிய 'ரிவான்' பலதாரத்தை எளிதில் கண்டிக்காத, நம்மைச் சங்கடப்படுத்தும் நாவல்.

சென்ற பருவத்தில் முதுகலை மாணவிகளிடம் பினெத்துவின் கடிதத்தை எழுதச் சொன்னேன். பலர் ரமத்துலாயிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். உசிலம்பட்டியிலிருந்து வரும் ஒருத்தி மட்டும் பினெத்து தன் அம்மாவுக்கு எழுதுவதாக எழுதியிருந்தாள். ஒன்றரைப் பக்கம். அன்புள்ள என்றுகூட இல்லை. இடப்பக்கம் அம்மாவுக்கு வந்தவை: வீடு, வளையல், மெக்காவுக்குப் பயணச்சீட்டு. வலப்பக்கம் தனக்கு வர இருந்தவை: பள்ளி இறுதித் தேர்வு, அதற்குக் கட்டிய கட்டணம், தாபாவிடம் இரவல் வாங்கிப் பாதி படித்த ஒரு புத்தகம். வலப்பக்கத்தில் கூட்டல் போடாமல் விட்டிருந்தாள்.